குடியுரிமை விண்ணப்பத்தில் கையெழுத்து: எல்லையோரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தமிழ் பேசும் ஊர்களில் கடல் கடந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் உண்டு. ஒருத்திக்குப் பிறந்த ஊர் இலங்கையின் அட்டன், இன்னொருத்திக்கு மலேசியாவின் ஈப்போ. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் கையில் இருப்பது அயல்நாட்டுப் பாஸ்போர்ட்தான். விசா நீட்டிப்புக்கு அலைச்சல் ஓய்வதில்லை. ஏழு வருடம் முடிந்தால் குடியுரிமை கேட்கலாம் என்று யாரோ சொல்ல, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி அச்செடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. முழுப் பெயரையும் எழுத வேண்டுமா? தமிழில் கையெழுத்துப் போடலாமா? இனிஷியல் முன்னாலா, பின்னாலா? கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துக்கொண்டோமே, அதையும் எழுதுவதா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். பெயர் வேறு, கையெழுத்து வேறு. பெயர் என்பது உங்கள் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பது. அதில் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. கையெழுத்து என்பது உங்கள் கை பழகிய கோடு; அது அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டியதில்லை, எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தால் போதும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரை வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டு, கையெழுத்தை மட்டும் ஓவியம்போல வரைகிறார்கள்.

விண்ணப்பம் தேவைதானா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முந்தைய நாள் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தாய் தந்தையர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது பொது விதி. அதேபோல் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. 1974 ஒப்பந்தம் இன்னும் 75,000 பேரைச் சேர்த்தது. அந்த வகையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்திறங்கி, புனலூர்ப் பக்கம் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோர் ஏற்கெனவே குடிமக்கள். அவர்களிடம் புதிதாக ஒரு படிவத்தை நீட்டிக் காசு கேட்கும் தரகர்கள் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் தேவைப்படுவது, இந்தியரை மணந்து இங்கே குடியிருக்கும் அயல்நாட்டவருக்கு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்றாம் எண் படிவம். மருமகள்களைப் பற்றியே இங்கே பேசினாலும் மாப்பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். ஏழு வருடக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாக இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 8 வருடங்களில் மொத்தமாக 6 வருடங்கள் இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஐந்து மாதம் தங்கியது எந்தக் கணக்கில் விழுகிறது என்று பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். விசா காலாவதியாகி இருப்பவருக்கு இந்த வழி திறக்காது. சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வந்துவிட்டால் பதிவு கிடையாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை நம்பிச் சிலர் கேட்கிறார்கள். அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

கையெழுத்துக்கு வருவதற்கு முன், எல்லாக் காகிதங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பெயர்களை மட்டும் படியுங்கள். எல்லையோரத்தில் இது வேடிக்கையான காட்சி. எடுத்துக்காட்டுக்கு ஒரு லெட்சுமியை எடுத்துக்கொள்வோம். மலேசியாக்காரியாக இருந்தால் பாஸ்போர்ட்டில் ‘லெட்சுமி ஏ/பி முனியாண்டி’ என்று இருக்கும்; முனியாண்டியின் மகள் என்பதற்கு அந்த நாட்டு வழக்கம் அது. இலங்கை மலையகத்துக்காரி என்றால் தந்தை பெயர் முன்னால் வந்து ‘முனியாண்டி லெட்சுமி’ ஆகியிருக்கலாம். இங்கே பஞ்சாயத்தில் பதிந்த திருமணச் சான்றிதழில் எழுத்தர் மலையாள வழக்கப்படி ‘லக்ஷ்மி எம்.’ என்று எழுதியிருப்பார். கணவர் வீட்டுக் காகிதம் ஏதாவது ஒன்றில் ‘லட்சுமி முருகேசன்’ என்றும் வந்திருக்கும். ஆள் ஒருத்தி, பெயர் நான்கு. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அவருக்கு நான்கு பெண்கள் தெரிவார்கள்.

இதில் எது உங்கள் பெயர்? பாஸ்போர்ட்டில் உள்ளது. அவ்வளவுதான். மற்றவை எல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஏ/பி’யை நீக்கக் கூடாது, இனிஷியலை நுழைக்கக் கூடாது, கணவர் பெயரை ஒட்டக் கூடாது. ராஜேஸ்வரி, பரமேஸ்வரி போன்ற பெயர்களின் கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் இலங்கையில் ‘ஒய்’ என்று முடிப்பது வழக்கம், இங்கே ‘ஐ’. அக்ஷயா மையத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணுக்குக் கை தானாக ‘ஐ’க்குப் போகும். அவர்மீது குற்றமில்லை, நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தவுடன் ஒரு கோப்பு எண் விழும். அந்த எண்ணோடு பிழையான பெயரும் பயணப்படத் தொடங்கிவிடும் என்பதால், சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

கணவர் பக்கத்திலும் கோளாறு இருக்கும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ படித்தவரென்றால் பள்ளிச் சான்றிதழில் ‘கே. முருகேசன்’, கேரளத்து ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் ‘முருகேசன் கே.’ நமக்கு இரண்டும் ஒன்றுதான். கோப்புக்கு அப்படி இல்லை. இதற்குக் கேரளத்தில் நல்ல வழி ஒன்று உண்டு: வில்லேஜ் ஆபீசரிடமிருந்து ‘ஒன் அண்ட் தி சேம்’ சான்றிதழ் வாங்கிவிடலாம், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று. அக்ஷயாவிலேயே விண்ணப்பிக்கலாம். மனைவியின் அயல்நாட்டுக் காகிதங்களில் உள்ள வேறுபாட்டுக்கு இது உதவாது. அதற்குப் பிரமாணப் பத்திரமும், முடிந்தால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலிருந்தோ மலேசியத் துணைத் தூதரகத்திலிருந்தோ ஒரு கடிதமும் வேண்டும். திருமணச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்தால் பதிவு செய்த பஞ்சாயத்திலேயே திருத்தம் கேளுங்கள். வருடக்கணக்கில் ஓடப்போகும் ஒரு கோப்புக்கு அஸ்திவாரம் இது; இங்கே ஒரு மாதம் பிந்துவதால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

இனி கையெழுத்து

பாஸ்போர்ட்டில் எந்தக் கையெழுத்து இருக்கிறதோ அதுதான் விண்ணப்பத்திலும். அந்தக் கையெழுத்து தமிழில் இருந்தால் இங்கேயும் தமிழில். ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில். இன்ன மொழியில்தான் கையெழுத்திட வேண்டும் என்று படிவம் கேட்பதில்லை. ‘இது டில்லிக்குப் போகிற காகிதமாயிற்றே, இங்கிலீஷில் போட்டால்தானே மரியாதை’ என்று நினைத்துப் பழக்கமில்லாத எழுத்தில் நடுக்கத்தோடு போடப்படும் கையெழுத்துகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மூன்று இடத்தில் மூன்று விதமாக வரும். இரண்டாம் பக்கத்தில் வால் மேலே போயிருக்கும், ஐந்தாம் பக்கத்தில் வாலே இருக்காது. தமிழில் ‘லெட்சுமி’ என்று நேராக எழுதியிருந்தால் மூன்றும் ஒன்றாக இருந்திருக்கும்.

முழுப் பெயரையும் கையெழுத்தாக எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் வழக்கமான கையெழுத்து ஒற்றைச் சுழியாக இருந்தாலும் அதையே போடுங்கள். அதன் கீழே பெயரைப் பெரிய எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிடுங்கள். சுழி யாருடையது என்ற கேள்விக்கு அந்த வரி பதில் சொல்லிவிடும்.

புதிய கையெழுத்து எதையும் இந்த நேரத்தில் உருவாக்காதீர்கள். கல்யாணமான புதிதில் வங்கிக் கணக்குக்காக வீட்டுக்காரரின் இனிஷியலைச் சேர்த்து ஒரு கையெழுத்துப் பழகியிருப்பீர்கள். அது வங்கிக்கு. அயல்நாட்டவர் பதிவுக்காக மாவட்டப் போலீஸ் தலைமை அலுவலகத்தில் போட்ட கையெழுத்து, விசா நீட்டிப்புக் காகிதங்களில் உள்ள கையெழுத்து, பாஸ்போர்ட்டில் உள்ளது, இந்த மூன்றோடும் ஒத்துப்போவதுதான் இந்தக் கோப்புக்கு வேண்டும். பதினெட்டு வயதில் போட்ட பாஸ்போர்ட் கையெழுத்து இப்போது வரவே மாட்டேன் என்கிறதா? பரவாயில்லை. இப்போதுள்ளதையே எல்லாப் பக்கத்திலும் போடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் ‘கீழே உள்ள இரண்டு மாதிரிக் கையெழுத்துகளும் என்னுடையவையே’ என்று ஒரு வரி சேர்த்து இரண்டையும் போட்டுக் காட்டிவிடுங்கள். பழையதைப் பார்த்துப் பார்த்து வரைவதுதான் ஆபத்து. தன் கையெழுத்தையே ஒருவர் நகலெடுத்தால் அது கள்ளக் கையெழுத்துப்போலத் தெரியும்.

கைவேலைக் குறிப்புகள் சில. நீலமோ கறுப்போ, சாதாரணப் பந்துமுனைப் பேனா போதும். ஜெல் பேனா வேண்டாம். கோடை மழையில் பஸ்சில் போகும்போது பையோரம் நனைந்தால் முதலில் கரைவது அந்த மைதான். கட்டத்துக்குள் போடுங்கள். கோட்டைத் தொட்டுக்கொண்டோ அச்சடித்த எழுத்தின்மேல் ஏறியோ போடாதீர்கள், ஸ்கேன் செய்யும்போது கோடும் கையெழுத்தும் ஒட்டிக்கொள்ளும். முத்திரை விழ வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். கையெழுத்தின் படத்தை வெட்டி ஒட்டி அச்செடுப்பது, ரப்பர் முத்திரை குத்துவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அச்செடுத்த தாளில் நேராகப் பேனாவால் போடுங்கள். இணையத்தில் ஏற்றக் கையெழுத்தின் படம் கேட்கப்பட்டால், கோடில்லாத வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் படமெடுத்தால் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும்.

தப்பாக விழுந்துவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள். தாள் அச்செடுப்பதுதானே, அந்தப் பக்கத்தை மறுபடி அச்செடுங்கள். ஓர் எழுத்துத் திருத்தம் மட்டும் என்றால் ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடலாம். ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு மூன்று வந்துவிட்டால் எனக்குப் பிடிக்காது. புதுத் தாள் எடுப்பேன்.

தேதி, இடம் என்ற இரண்டு கட்டங்களை யாரும் மதிப்பதில்லை. தேதி என்பது நீங்கள் கையெழுத்துப் போடும் நாள், நல்ல நாள் பார்த்து முன்கூட்டி எழுதுவதல்ல. இடத்தில் ‘சித்தூர்’ என்று மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இருப்பவருக்கு அது சிரிப்பு. டில்லியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மாவட்டமும் மாநிலமும் இருந்தால்தான் புரியும்: சித்தூர், பாலக்காடு மாவட்டம், கேரளம்.

எழுதத் தெரியாதவர் என்றால்

தோட்டத்தில் வளர்ந்து பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதத் தெரியாதவர் இடும் குறியும் கையெழுத்தில் அடங்கும் என்று 1897ஆம் ஆண்டுப் பொதுச் சொற்பொருள் சட்டமே சொல்கிறது. அவசர அவசரமாகப் பெயரெழுதப் பழக்கி, விண்ணப்பத்தில் கோணல்மாணலாக எழுதவைப்பதைவிடக் கைநாட்டு நூறு மடங்கு மேல். நாளைக்கு அதிகாரி முன்னால் ‘போடுங்கம்மா’ என்றால் அந்தக் கோணல் அப்படியே வராது. விரல் ரேகை என்றும் மாறாது.

வழக்கத்தில் ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல், பெண்களுக்கு வலது கைப் பெருவிரல். விரலை மைப்பட்டையில் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தாளில் குத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. விழுவது ஒரு கறுப்பு முட்டை. ரேகை தெரிய வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, மைப்பட்டையில் லேசாகத் தொட்டு, முதலில் வேறு தாளில் ஒரு தடவை ஒற்றி மையைக் குறைத்து, பிறகு படிவத்தில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக உருட்டி எடுங்கள். தேங்காய் உரித்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரல்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் கோடு கிடைக்கும். ரேகைக்குப் பக்கத்தில் ‘இன்னாரின் வலது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதி, படித்துக் காட்டி விளக்கியவர் தன் பெயர், முகவரியோடு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கணவரே சாட்சியாக இருப்பதைவிட வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர் நல்லது.

பிள்ளைகளுக்கென்று தனி விண்ணப்பம் போடும் நிலை வந்தால், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்காகத் தாயோ தந்தையோ கையெழுத்திடுவார்கள். பிள்ளையின் பெயரைக் கையெழுத்தாக எழுதக் கூடாது. தன் கையெழுத்தைப் போட்டு, கீழே ‘தாய்’ அல்லது ‘தந்தை’ என்று குறிக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரமும் நோட்டரியும்

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு நோட்டரியிடம் காகிதத்தை மட்டும் அனுப்பும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நோட்டரியின் முத்திரைக்கு அர்த்தமே ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்பதுதான். ஆகவே முத்திரைத்தாளில் அச்சானதும் கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு நீங்களே போங்கள். அவர் மேசையில், அவர் பார்க்க, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசிப் பக்கத்திலும் போடுங்கள். அவருடைய பதிவேட்டிலும் ஒரு கையெழுத்து கேட்பார். அதுவும் இதே கையெழுத்தாக இருக்கட்டும். இன்னொன்று: முத்திரைத்தாள் விற்ற தேதி பின்பக்கத்தில் இருக்கும். பத்திரத்தின் தேதி அதற்கு முந்தையதாக இருக்கவே கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இந்தக் காரணத்துக்காகவே காகிதம் திரும்பி வரும்.

நகல்களில் சுய சான்றொப்பம் தனி வேலை. ஒவ்வொரு நகலின் கீழும் ‘உண்மை நகல்’ என்று எழுதி, கையெழுத்து, தேதி. எண்களின்மேலோ புகைப்படத்தின் முகத்தின்மேலோ போடாதீர்கள். சிங்களத்திலோ மலாயிலோ உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் மொழிபெயர்த்தவர், நீங்கள் அல்ல.

எதற்குக் கீழே போடுகிறோம்?

படிவத்தில் ஓர் உறுதிமொழி வரும்: இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்டால் இப்போதுள்ள நாட்டின் குடியுரிமையைத் துறப்பேன் என்று. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. இதைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு ‘அப்போ ஈப்போவில் அம்மா எழுதிவைத்த வீடு?’ என்று கண்கலங்குபவர்கள் உண்டு. சொத்து, ஓய்வூதியம், உடன்பிறந்தாரோடு பாகம் பிரிக்காத நிலம் என்று அங்கே ஏதாவது இருந்தால், அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இந்த வரியின் கீழே பேனா வையுங்கள். குடியுரிமை என்றாலே நல்லதுதானே என்று அவசரப்படுத்தும் மாமனார் மாமியார்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். காதில் விழுவதில்லை.

‘மேற்கண்டவை உண்மை’ என்ற வரியும் வெறும் சடங்கு அல்ல. குடியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பொய்யென்று தெரிந்தே தகவல் கொடுத்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோசடியால் பெற்ற குடியுரிமையைப் பறிக்கவும் 10ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘ஐந்து மாதம் ஊருக்குப் போனதைச் சொல்ல வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று தரகர் சொன்னாலும், கையெழுத்து அவருடையது அல்ல. குடியேற்றத் துறையின் பதிவில் போனது வந்தது எல்லாம் இருக்கிறது.

வெற்றுப் படிவத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கேட்பவர் சொந்த மைத்துனராக இருந்தாலும் சரி.

கலெக்டர் அலுவலகத்தில்

அச்செடுத்த விண்ணப்பமும் இணைப்புகளும் பாலக்காடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். உடன் வைக்கும் முகப்புக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. சித்தூர் தாலுகாவுக்குள் வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் வேலைகளுக்கு அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; நாம் கேட்காவிட்டால் அது ஏட்டோடு போய்விடும். குடியுரிமைக் கோப்பு மட்டும் திருவனந்தபுரம் தாண்டி டில்லிக்குப் போவது. முகப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தைத் தமிழில் போடுங்கள். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

கொடுக்கும்போது மூலப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். எழுத்தர் சில நேரம் ஒரு தாளை நீட்டி ‘இங்கே ஒன்று போடுங்கள்’ என்பார், ஒப்பிட்டுப் பார்க்க. பதறாமல், எப்போதும் போடுகிற வேகத்திலேயே போடுங்கள். மெதுவாகப் போட்டால்தான் மாறும். சமர்ப்பித்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். விதிப்படி கலெக்டர் 60 நாட்களுக்குள் மாநில அரசுக்கும், மாநில அரசு 30 நாட்களுக்குள் மத்திய அரசுக்கும் கோப்பை அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்கான கெடு அல்ல இது, கோப்பு நகர்வதற்கான கெடு. நடுவில் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். அப்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதே கையெழுத்து.

எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும், கையெழுத்துப் போட்ட பிறகு எடுத்த நகல். ஒன்றரை வருடம் கழித்து ஏதாவது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், அன்றைக்கு என்ன எழுதினோம், எப்படிக் கையெழுத்திட்டோம் என்று பார்க்க வேறு வழி கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அங்கே போய்க் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களும் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே படிவத்தின் பெயர் என்–400. காகிதத்தில் அனுப்பினால் கையால் போட்ட கையெழுத்து வேண்டும்; பெயரைத் தட்டச்சு செய்வதும் முத்திரை குத்துவதும் செல்லாது, கையெழுத்தில்லாத படிவம் அப்படியே திரும்பி வரும். இணையம் வழியாக என்றால் அங்கேயே மின்கையெழுத்து. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, கிரீன் கார்டில் முதல் பெயர் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்துவிட்ட நம் ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தி: பெயர் மாற்றத்தையும் அதே படிவத்திலேயே கேட்கலாம். அதுவரை, கார்டில் உள்ளதுதான் பெயர்.

உறுதிமொழி நாள்

வயது வந்த எவரும் உறுதிமொழி எடுக்காமல் பதிவு பெற முடியாது என்கிறது 5(2) பிரிவு. வாசகம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, நீளமில்லை: சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசமைப்புச் சட்டத்தின்மீது உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்பேன், இந்தியச் சட்டங்களை உண்மையாகக் கடைப்பிடிப்பேன், குடிமகளாக என் கடமைகளை நிறைவேற்றுவேன் என்ற பொருளில். ‘உளமார உறுதி கூறுகிறேன்’ அல்லது ‘ஆணையிடுகிறேன்’ என்று இரண்டு வாய்ப்பு இருக்கும். வேண்டாததை ஒற்றைக் கோட்டால் அடித்துவிடுங்கள். வாசகத்தில் உங்கள் பெயர் வருகிற இடத்தில் பாஸ்போர்ட் பெயர், முழுமையாக. கையெழுத்து அதிகாரி முன்னிலையில், வாசகத்தைச் சொல்லி முடித்த பிறகு. முதல் நாள் இரவே வீட்டில் போட்டுவைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாகப் பதிவுச் சான்றிதழ். அதைக் கொடுப்பதற்கு முன் பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டை நீட்டுவார்கள். மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். முதலில் சான்றிதழைக் கையில் வாங்கி, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் நான்கையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கண்ணாடி தேவைப்படுபவர் கண்ணாடியை எடுத்துப் போங்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே சொல்லி, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சரியாக இருந்தால் பதிவேட்டில் அதே பழைய கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார், வாக்காளர் பட்டியல், இந்தியப் பாஸ்போர்ட் என்று அடுத்த வரிசையில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.